7. இரண்டாவது மாத்திரை

காவேரிப்பட்டினம் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் 47 வயதுப் பெண் போய் நின்று டூஃபாஸ்டன் கேட்டால், கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, "வீட்ல மருமக முழுகாம இருக்காங்களாக்கா?" என்று கேட்கலாம். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. கரு தங்குவதற்கு அந்த மாத்திரையை எழுதித்தான் அவன் பார்த்திருக்கிறான். ஆனால் அந்த ஒரு கேள்விக்குக் கூசிப்போய், சீட்டின் முதல் வரியிலிருக்கும் ஈஸ்ட்ரோஜெனை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு. உடம்பில் அனல் அடங்குகிறது, தூக்கம் பிடிக்கிறது. இரண்டாவது மாத்திரை எதற்கு என்றும் தோன்றிவிடுகிறது. ஹார்மோன் சிகிச்சையில் நடக்கும் தவறுகளில் மிக மோசமானது இதுதான்.

இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது வரியைப் பற்றியது. மாதவிடாய் முழுதாக நிற்காமல் முன்னும் பின்னுமாகத் தடுமாறும் காலத்தை டாக்டர்கள் பெரிமெனோபாஸ் என்கிறார்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில் என்பதால், இந்தத் தடுமாற்றம் நாற்பதைத் தொட்டதுமே தொடங்கிவிடலாம். அப்போது ஹார்மோன் எடுக்க முடிவானால், கூடவே எந்தப் புரோஜெஸ்டோஜென், எவ்வளவு, எந்த நாட்களில் என்பதை டாக்டரோடு உட்கார்ந்து முடிவு செய்ய இது உதவும். டாக்டர் இல்லாமல் கடையில் வாங்கித் தொடங்குவதற்கு உதவாது.

தெரிந்துகொள்ள வேண்டிய கோட்பாடு

கொஞ்சம்தான். ஈஸ்ட்ரோஜென் கர்ப்பப்பையின் உள்சுவரை வளர்க்கும். புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சிக்கு அணை போட்டு, ஒழுங்காக உதிர வைக்கும். நாற்பதுக்குப் பிறகு கருமுட்டை வெளிவராத மாதங்கள் கூடுகின்றன. முட்டை வெளிவராத மாதத்தில் உடல் போதிய புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கிறது, மடையை அடைக்க ஆளில்லை. பாட்டிகள் பெரும்பாடு என்று சொன்ன கட்டுக்கடங்காத உதிரப்போக்கு பலருக்கு இங்கிருந்துதான் வருகிறது.

இந்த நிலையில் வெளியிலிருந்தும் ஈஸ்ட்ரோஜென் கொடுத்து, புரோஜெஸ்டோஜெனை விட்டுவிட்டால் உள்சுவர் தடித்து, காலப்போக்கில் புற்றுநோய் வரை போகலாம். ஈஸ்ட்ரோஜெனைத் தனியாக எடுத்த அமெரிக்கப் பெண்களிடம் கர்ப்பப்பைப் புற்றுநோய் கூடியதை 1975இல் வந்த ஆய்வுகள் காட்டின. இரண்டாவது மாத்திரை சீட்டில் நிரந்தரமாக ஏறியது அதற்குப் பிறகுதான். 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஹார்மோன் மருந்துகளின் மேலிருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிடும் முடிவை அறிவித்தது. ஈஸ்ட்ரோஜெனைத் தனியாக எடுத்தால் வரும் கர்ப்பப்பைப் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது.

புரோஜெஸ்டோஜென் என்பது பொதுப்பெயர். உடலில் சுரக்கும் புரோஜெஸ்டிரோனும், அதைப் போல வேலை செய்யும்படி ஆய்வகத்தில் உருவாக்கிய மருந்துகளும் இதில் அடங்கும்.

முதலில், உங்களுக்கு இது தேவையா?

1. கர்ப்பப்பை இருக்கிறதா? இருந்தால், மாத்திரையாகவோ ஜெல்லாகவோ ஈஸ்ட்ரோஜென் எடுக்கும்வரை புரோஜெஸ்டோஜெனும் வேண்டும். இங்கே ஒரு சொல் குழப்பம் செய்யும். "ஆபரேஷன் ஆயிடுச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டால், குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர் "ஆச்சு" என்பார். கர்ப்பப்பையே எடுத்தாயிற்று என்று கேட்டவர் புரிந்துகொண்டால், ஈஸ்ட்ரோஜென் மட்டும் எழுதப்பட்டுவிடும். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர்கள். ஆகவே இது எப்போதோ நடக்கிற குழப்பமில்லை. "குடும்பக் கட்டுப்பாடு மட்டும்தான், கர்ப்பப்பை இருக்கு" என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். ஓசூர் எல்லை தாண்டி பெங்களூரில் கன்னடத்திலோ தெலுங்கிலோ பேசி டாக்டரைப் பார்ப்பவர்கள் இதை இரண்டு முறை சொல்லலாம்.

2. கர்ப்பப்பையை எடுத்துவிட்டவரா? பெரும்பாலும் புரோஜெஸ்டோஜென் வேண்டாம். விதிவிலக்கு இரண்டு: எண்டோமெட்ரியோசிஸ் இருந்தவர்கள், கர்ப்பப்பை வாயை விட்டுவைத்து மேல்பகுதியை மட்டும் எடுத்தவர்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துக் காட்டுங்கள். நினைவிலிருந்து சொல்லாதீர்கள்.

3. பிறப்புறுப்பு வறட்சிக்கு மட்டும், குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜென் க்ரீம் உள்ளே தடவுகிறீர்களா? அதற்குப் புரோஜெஸ்டோஜென் தேவையில்லை.

டாக்டரைப் பார்க்கும் முன் செய்ய வேண்டியவை

1. மூன்று மாதக் கணக்கு எழுதுங்கள். தினசரி கிழிக்கும் நாள்காட்டியில் குறிக்காதீர்கள்; கிழித்ததோடு கணக்கும் போய்விடும். மாதக் காலண்டரில், உதிரம் பட்ட நாளுக்கு ஒரு புள்ளி, நாப்கின் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காத நாளுக்கு இரண்டு புள்ளி, கட்டி கட்டியாகப் போன நாளுக்கு ஒரு சுழி.

2. இரத்த அழுத்தத்தை இரண்டு மூன்று வெவ்வேறு நாட்களில் பார்த்து எழுதுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். தெருவுக்கு வரும் அந்தப் பணியாளரிடம் பார்த்துக்கொண்டால் போதும்.

3. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை. பெரும்பாடு உள்ளவருக்கு இரத்தசோகை இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். படபடப்பும் அனலும் தைராய்டாலும் வரும்.

4. நாள் தள்ளிப்போயிருந்தால் கர்ப்பப் பரிசோதனை. 46 வயதில் இதென்ன கூத்து என்று சிரிக்கலாம், ஆனாலும் செய்துவிடுங்கள்.

5. மார்பகத்துக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் 30 வயதுக்கு மேற்பட்டோருக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரிசோதனை உண்டு. அங்கே தொடங்கி, ஸ்கேனோ உள்சுவரிலிருந்து சதைத் துணுக்கு எடுக்கும் பரிசோதனையோ தேவைப்பட்டால் போலுப்பள்ளியில் உள்ள கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் இ.எஸ்.ஐ. அட்டையை மறக்க வேண்டாம்.

6. குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய், உங்களுக்குக் காலில் இரத்தம் உறைந்தது, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய், கண்ணில் மின்னலடித்துவிட்டு வரும் ஒற்றைத் தலைவலி, நிலக்கடலை ஒவ்வாமை. இவற்றில் எது இருந்தாலும் எழுதி எடுத்துப் போங்கள்.

காரணம் தெரியாத உதிரப்போக்கு இருக்கும்போது ஹார்மோன் தொடங்கக் கூடாது. முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மாத்திரை கொடுத்து நிறுத்திப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால், ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள்.

கிடைக்கும் மருந்துகள்

நுண்துகள் புரோஜெஸ்டிரோன். உடலில் சுரப்பதும் இதுவும் ஒரே மூலக்கூறு. சஸ்டன், நேச்சுரோஜெஸ்ட் என்பவை கடைகளில் பழகிய பெயர்கள். வழக்கமான அளவு, மாதத்தில் 12 முதல் 14 நாள் இரவில் 200 மில்லிகிராம். தொடர் முறையில் தினமும் இரவில் 100 மில்லிகிராம். வாயால் விழுங்கினால் கல்லீரல் இதன் ஒரு பங்கைத் தூக்கம் தரும் பொருளாக மாற்றிவிடுகிறது. ஆகவே படுக்கும்போதுதான் எடுக்க வேண்டும். விடிய விடிய விழித்துக் கிடப்பவருக்கு இது பக்கவிளைவே இல்லை, வரம். காலை நான்கு மணிக்கு எழுந்து பால் கறக்கிறவருக்கு அப்படியில்லை. தலை கிறுகிறுப்போடு மாட்டின் காலடியில் உட்கார வேண்டியிருக்கும். அவர் ஒன்பது மணிக்கே மாத்திரையைப் போட்டுப் படுத்துவிடுவது நல்லது. சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால் இரத்தத்தில் ஏறும் அளவு கூடி, கிறக்கமும் கூடும். இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் விட்டு எடுங்கள்.

சில கம்பெனிக் குளிகைகளில் மருந்து நிலக்கடலை எண்ணெயில் கலந்திருக்கும். நிப்பட்டைக் கடித்தாலே உதடு வீங்குகிறவர் என்றால், அட்டையில் என்ன எண்ணெய் என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

மார்பகத்துக்கு இது மற்றவற்றைவிட மென்மையானது என்று பிரான்சின் இ3என் என்ற நீண்டகால ஆய்வு 2008இல் காட்டியது. கூர்ந்து கவனித்த ஆய்வுதான், குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த பரிசோதனை அல்ல; ஆனாலும் டாக்டர்கள் பலர் இதை முதலில் எழுதுவதற்கு அது ஒரு காரணம். மென்மை என்பதில் மறுபக்கமும் உண்டு. கர்ப்பப்பை உள்சுவரின் மேலும் இதன் பிடி கொஞ்சம் மென்மைதான். நாளைக் குறைக்கவோ அளவைக் குறைக்கவோ இதில் இடமில்லை. 14 நாள் என்றால் 14 நாள்.

டைட்ரோஜெஸ்டிரோன். டூஃபாஸ்டன் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்தது. 10 மில்லிகிராம், மாதத்தில் 14 நாள். கிறக்கம் தராது, பகலிலும் எடுக்கலாம். மார்பகம், இரத்தம் உறைதல் இரண்டிலும் நுண்துகள் புரோஜெஸ்டிரோனுக்கு அருகில் வைத்துப் பேசப்படுவது. நம் பக்கத்துச் சின்ன ஊர்களிலும் தேடாமல் கிடைக்கக்கூடிய மாத்திரை என்பதை நான் பெரிய தகுதியாகவே எண்ணுகிறேன். மாதாமாதம் தடையில்லாமல் கிடைக்காத மருந்து எவ்வளவு உயர்ந்ததானாலும் கர்ப்பப்பைக்குக் காவல் ஆகாது.

மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் அசிடேட். டெவிரி, மெப்ரேட். 10 மில்லிகிராம், 12 முதல் 14 நாள். உள்சுவரை அடக்குவதில் பிடிமானம் உள்ளது. மிக நீண்ட காலமாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. கெட்ட பெயரும் இதற்குத்தான். 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்காவின் டபிள்யூ.எச்.ஐ. ஆய்வில் 16,608 பெண்களில் ஒரு பாதியினர் தினமும் எடுத்தது குதிரை ஈஸ்ட்ரோஜெனோடு இந்த மருந்தின் 2.5 மில்லிகிராமைத்தான். அங்கே ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் எட்டுப் பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 46 வயதில் அனலில் வேகும் ஒருத்திக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. உதிரம் கட்டுக்குள் வராதபோது சில மாதங்களுக்கு இதை எழுதினால் பயந்து ஓட வேண்டாம். பல ஆண்டுகளுக்கு என்றால், மாற்று ஏன் கூடாது என்று கேட்கலாம்.

நாரெத்திஸ்டிரோன். பிரைமோலுட்-என், ரெஜெஸ்ட்ரோன். இதை நம் ஊரில் அறியாத வீடு குறைவு. மயானக் கொள்ளைக்கு நாள் நெருங்கும்போது, தூரமாகிவிடுமோ என்ற பயத்தில் சீட்டில்லாமல் வாங்கும் அதே 5 மில்லிகிராம் மாத்திரை. உதிரத்தை நிறுத்துவதில் கெட்டிக்காரன். அதனாலேயே ஒரு தவறான நம்பிக்கை: "இது நமக்குப் பழகின மாத்திரைதானே." தள்ளிப்போட நாளுக்கு மூன்று வேளை என்று எடுக்கும்போது, இதில் ஒரு சிறு பங்கு உடலுக்குள் எத்தினைல் ஈஸ்ட்ராடையோலாக மாறுகிறது. கருத்தடை மாத்திரைகளில் இருக்கும் அதே ஈஸ்ட்ரோஜென். இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர், புகையிலை போடுபவர், உடல் எடை மிகுந்தவர் இதைத் தானே வாங்கிப் போடக் கூடாது. ஹார்மோன் சிகிச்சையில் இருக்கும்போது திருவிழாவுக்குத் தள்ளிப்போட வேண்டுமென்றால், புது மாத்திரை எதையும் சேர்க்காமல், ஏற்கெனவே எடுக்கும் புரோஜெஸ்டோஜெனின் நாட்களை நகர்த்த முடியுமா என்று டாக்டரிடம் ஒரு மாதம் முன்பே கேளுங்கள். பெரும்பாலும் முடியும்.

ஹார்மோன் லூப். லெவோநார்ஜெஸ்ட்ரெல் 52 மில்லிகிராம் அடங்கிய சிறு கருவி. மிரீனா பழைய பெயர். எச்.எல்.எல். தயாரிக்கும் எமிலியும் உண்டு. கர்ப்பப்பைக்குள்ளேயே இருந்து மருந்தைக் கசியவிடுவதால் உள்சுவருக்கு நேரடிக் காவல்; உடம்புக்குப் போவது மிகக் குறைவு. பெரும்பாட்டைப் பெருமளவு குறைக்கும், கருத்தடையும் ஆகும், மாத்திரை மறந்துபோகும் கவலை இல்லை. காவலுக்காக வைத்தால் ஐந்து ஆண்டில் மாற்றுவது வழக்கம். கருத்தடைக்கு அதைவிட நீண்ட காலம் அனுமதி இருக்கிறதே என்று ஏழெட்டு வருடம் இழுக்காதீர்கள்.

முதல் மூன்று முதல் ஆறு மாதம் துளித்துளியாக உதிரம் பட்டுக்கொண்டே இருக்கும். முன்கூட்டிச் சொல்லாததால் இரண்டாம் மாதமே எடுக்கச் சொல்லிப் போய் நிற்பவர்கள் பலர். பூஜை அறை, கோயில் என்று நாள் பார்ப்பவர்களுக்கு அந்த ஆறு மாதம் பெரிய தொந்தரவுதான். வைக்கும் முன்பே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

ஒரு கடும் எச்சரிக்கை. "எனக்குத்தான் ஏற்கெனவே லூப் இருக்கே" என்பவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது காப்பர்-டி. அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பிறகு வைத்துவிடுவது அதைத்தான். அதில் ஹார்மோன் கிடையாது. உள்சுவருக்குக் காவலும் கிடையாது. உதிரத்தைக் கூட்டவும் செய்யும்.

திபோலோன் என்று ஒன்றும் காதில் விழும். கடைசி மாதவிடாய்க்கு ஒரு வருடம் கழிந்தவர்களுக்கானது. இப்போது உங்களுக்கு அல்ல.

எடைபோடும் விதம்

எல்லாருக்கும் ஏற்றது என்று ஒன்றில்லை. கீழே உள்ளவற்றில் உங்களை அதிகம் வாட்டுவது எது என்று பாருங்கள்; அங்கிருந்து தொடங்குங்கள்.

தூக்கமின்மை, எரிச்சல் முன்னால் நின்றால் நுண்துகள் புரோஜெஸ்டிரோன். உதிரப்போக்கு முன்னால் நின்றால், ஸ்கேன் சரியாக இருக்குமானால், லூப். கருத்தடையும் இன்னும் வேண்டுமென்றாலும் லூப். ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டோஜெனும் சேர்ந்த ஹார்மோன் சிகிச்சை கருத்தடை ஆகாது. ஐம்பதுக்கு முன் மாதவிடாய் நின்றால் அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டு, ஐம்பதுக்குப் பின் என்றால் ஓராண்டு கருத்தடை தொடர வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

இரத்தம் உறையும் ஆபத்து உள்ளவர், இரத்த அழுத்தக்காரர் என்றால், தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜென் ஜெல்லோடு நுண்துகள் புரோஜெஸ்டிரோனோ டைட்ரோஜெஸ்டிரோனோ சேர்ப்பது பாதுகாப்பான பக்கம். வேலைக்குப் போகும் இடத்தில் கிறக்கம் ஆபத்து என்றால் டைட்ரோஜெஸ்டிரோன்.

மாதவிடாய்க்கு முந்தைய வாரம் இளவயதிலிருந்தே அழுகையும் ஆத்திரமுமாகக் கழிந்தவர்கள், எந்தப் புரோஜெஸ்டோஜென் நாட்களிலும் அதே பழைய நாட்களை மறுபடி சந்திக்கலாம். மார்பு கனத்தல், வயிறு உப்புசம், தலைவலி எல்லாம் வரும். "மனசு சரியில்ல" என்று மட்டும் சொல்லாமல், மாத்திரை தொடங்கிய நாளும் மனம் கெட்ட நாளும் பக்கத்தில் பக்கத்தில் வரும்படி காலண்டரில் குறித்துக் காட்டுங்கள். மருந்தை மாற்றலாம், புரோஜெஸ்டிரோன் குளிகையை வாயால் எடுக்காமல் பிறப்புறுப்பில் வைத்துக்கொள்ளும் வழியும் டாக்டர் சொல்லக்கூடும். நிறுத்திவிட்டு ஈஸ்ட்ரோஜெனை மட்டும் தொடர்வது வழியே இல்லை.

டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "டாக்டரம்மா, எனக்குக் கர்ப்பப்பை இருக்கு. இந்த ரெண்டு மருந்துல உள்சுவருக்குக் காவல் எது? எந்தத் தேதிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும்? உதிரம் எப்ப வரும்னு எதிர்பார்க்கணும்? எப்ப வந்தா உங்களைப் பார்க்கணும்?" இந்த நான்கையும் சீட்டின் பின்னால் எழுதி வாங்குங்கள்.

சுழற்சி முறை: நாள் குறித்து நடத்துவது

பெரிமெனோபாஸில் பெரும்பாலும் தருவது சுழற்சி முறை. ஈஸ்ட்ரோஜென் தினமும், புரோஜெஸ்டோஜென் மாதத்தில் 12 முதல் 14 நாள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறவருக்கு 15ஆம் நாளிலிருந்து என்று கணக்கு வைப்பார்கள். ஒழுங்கில்லாதவர் எதை முதல் நாளாக எண்ணுவது? அவர்களுக்குக் காலண்டர் மாதமே எளிது.

1. ஆங்கில மாதம் 1ஆம் தேதி தொடங்குங்கள். தமிழ் மாதத்தை வைத்து நடத்த வேண்டாம். கடையில் வாங்கிய தேதி, டாக்டரிடம் போகும் தேதி எல்லாம் ஆங்கிலத் தேதிதான்.

2. 1 முதல் 14 வரை காலண்டரில் பேனாவால் கோடிழுங்கள். முன்கூட்டியே ஆறு மாதத்துக்கு.

3. மாத்திரையைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வையுங்கள். புடவைக்கு அடியில் வேண்டாம்.

4. 14ஆம் தேதி முடிந்து சில நாட்களில் உதிரம் வரும். எதிர்பார்த்ததுதான். சிலருக்கு வராது, கர்ப்பத்துக்கு வாய்ப்பில்லாத பட்சத்தில் அதற்காகப் பயப்பட வேண்டாம், டாக்டரிடம் சொன்னால் போதும்.

5. மாத்திரைகளுக்கு நடுவே, 6 அல்லது 8ஆம் தேதியில் உதிரம் வந்தாலும் நிறுத்தாதீர்கள். 14 வரை முடியுங்கள். தேதியைக் குறித்து வையுங்கள்.

6. ஒரு நாள் மறந்தால் அடுத்த நாள் வழக்கமான நேரத்தில் ஒன்று. இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம். மூன்று நாலு நாள் விட்டுப்போனால் டாக்டருக்குப் போன்.

7. அடுத்த மாத அட்டையை 20ஆம் தேதிக்குள் வாங்கிவிடுங்கள்.

சீட்டில் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேட்பதற்கு மட்டுமல்ல; பெங்களூரில் எழுதிய கம்பெனி இங்கே இல்லாதபோது, "எல்லாம் பீரியட்ஸ் மாத்திரைதான்" என்று டைட்ரோஜெஸ்டிரோனுக்குப் பதில் நாரெத்திஸ்டிரோனைக் கொடுத்துவிடும் கடைகள் இருக்கின்றன. பெயர் ஒன்றாக இருந்தால் கம்பெனி மாறலாம். பெயரே மாறினால் வாங்காமல் திரும்புங்கள்.

நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு

ஓசூர், போச்சம்பள்ளிப் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு "இரவில் ஒன்று" என்ற சீட்டு பொருந்தாது. நுண்துகள் புரோஜெஸ்டிரோனைக் கடிகாரத்தின் இரவுக்கு எடுக்காதீர்கள். உங்கள் தூக்கத்துக்கு எடுங்கள். காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து படுக்கிறீர்கள் என்றால் அதுதான் உங்கள் இரவு. நைட் ஷிஃப்டில் இருந்துகொண்டு இரவு ஒன்பதுக்கு விழுங்கினால், இயந்திரத்தின் முன்னால் கண் செருகும். ஷிஃப்ட் வாராவாரம் மாறுகிறவர், மாற்றத்தன்று நேரம் சில மணி முன்பின் ஆவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நாள் விடாமல் இருந்தால் போதும். விழுங்கிவிட்டு ஸ்கூட்டி ஓட்டக் கூடாது. இதெல்லாம் சரிப்பட்டு வராதென்றால் டைட்ரோஜெஸ்டிரோனுக்கோ லூப்புக்கோ மாறுவதைப் பேசுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

அனல் அடங்கியதும் இரண்டாவது மாத்திரையை நிறுத்துவதை முதலிலேயே சொல்லிவிட்டேன். மற்றவை:

தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் எடுக்கிறேன், அதிலேயே இயற்கைப் புரோஜெஸ்டிரோன் இருக்கிறது என்பது. இல்லை. காட்டுக் கிழங்கு க்ரீம் என்று ஆன்லைனில் வருவதும் அப்படியே. கிழங்கிலிருந்து ஆய்வகத்தில் புரோஜெஸ்டிரோன் தயாரிக்க முடியும், உடம்பால் முடியாது. தோலில் தடவும் புரோஜெஸ்டிரோன் க்ரீமும் உள்சுவரைக் காக்கப் போதாது.

ஜெல் பத்தவில்லை என்று ஈஸ்ட்ரோஜெனைத் தானே கூட்டுவது. ஈஸ்ட்ரோஜென் கூடினால் காவலும் கூட வேண்டியிருக்கும். அந்தக் கணக்கை டாக்டர்தான் போட வேண்டும்.

நாத்தனாருக்கு எழுதிய சீட்டை வைத்து வாங்குவது. அவருக்குக் கர்ப்பப்பை இல்லாமல் இருக்கலாம்.

இந்த இழவே வேண்டாம், கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று ஓடுவது. உதிரப்போக்கு மட்டும் காரணமென்றால், லூப்பையும் மாத்திரையையும் பார்த்துவிட்டுக் கடைசியில் வர வேண்டிய முடிவு அது. முதல் நாளே அறுவை என்று சொல்லும் இடத்தில் கையெழுத்துப் போடும் முன் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

மார்பகப் புற்றுநோய் வந்து குணமானவர், இதை எவரிடமும் சொல்லாமல் ஹார்மோன் கேட்பது. அவருக்கு ஹார்மோன் இல்லாத வேறு மருந்துகள் உண்டு.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

உடனே ஆஸ்பத்திரி, வண்டி இல்லையென்றால் 108:

1. மணிக்கொரு நாப்கின் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் போவது, தலைசுற்றி விழுவது.
2. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி.
3. வாய் கோணல், பேச்சுக் குழறல், திடீரெனப் பார்வை மங்கல்.
4. குளிகை விழுங்கியதும் உதடு, முகம் வீக்கம்.

சில நாட்களுக்குள் டாக்டர்:

1. ஒரு வருடம் நின்றுபோன பிறகு மறுபடி உதிரம், ஒரு துளியானாலும்.
2. தாம்பத்தியத்துக்குப் பின் உதிரம்.
3. ஹார்மோன் தொடங்கி ஆறு மாதம் கழிந்தும் கண்ட நாளில் உதிரம் தொடர்வது, அல்லது ஒழுங்காக இருந்தது திடீரெனக் கெடுவது.
4. மார்பில் கட்டி, கண் மஞ்சள்.

உள்சுவரின் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேன் தாளில் இருக்கும். இன்னும் மாதவிடாய் வருகிறவருக்கு அது நாளுக்கு நாள் மாறும் எண். பக்கத்து வீட்டுக்காரர் தாளோடு ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த நாளில் எடுத்தது என்று மட்டும் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

மூன்று மாதத்திலும் அதன் பிறகும்

மூன்று மாதம் முடிந்ததும் காலண்டரோடு போங்கள். எந்தப் புரோஜெஸ்டோஜெனுக்கும் அவ்வளவு அவகாசமாவது தர வேண்டும். தாங்க முடியாத மனக் கலக்கம் வந்தால் மட்டும் முன்பே. அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தம், மார்பகம், இன்னும் தேவையா என்ற பேச்சு.

சுழற்சி முறையிலேயே ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டாம். சுழற்சியில் வரும் உதிரம் இயல்பான மாதவிடாய் போலவே தெரிவதால், சொந்தமாக எப்போது நின்றது என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும். பொதுவாக ஐந்து ஆண்டுக்குள், அல்லது ஐம்பதுகளின் முற்பகுதியில், இரண்டு மருந்தையும் தினமும் எடுக்கும் தொடர் முறைக்கு டாக்டர் மாற்றுவார். அப்போது மாதாமாதம் உதிரம் வராது. அவசரப்பட்டு முன்பே மாறினால், கருமுட்டைப் பை இன்னும் ஓயாத நிலையில், ஒழுங்கில்லாத உதிரம் வந்து வீண் ஸ்கேனுக்கும் பயத்துக்கும் இடமாகும். மாறிய முதல் மூன்று மாதம் கொஞ்சம் துளி படலாம். காலண்டரில் மறுபடியும் புள்ளி வைக்கத் தொடங்குங்கள். இந்த முறை 14இல் கோடு முடியாது, மாதம் முழுக்க ஓடும்.